இசக்கியின் மூக்குத்தி

அவளுடைய மூக்குத்தியைப் பார்க்கக் கூடாது என்றுதான் கண்ணை மூடினேன். மூடின கண்ணுக்குள்ளேயும் மினுங்குகிறது. ஒற்றைக் கல், வெள்ளைக் கல், வாங்கும்போதே பெரிய விலை ஒன்றும் இருந்திருக்காது, ஆனாலும் இந்த ஜெபவீட்டுக்குள் நகை என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது, அதனால் ஜன்னலில் நுழைகிற மத்தியான வெயில் முழுக்க அதைத் தேடித்தான் வருகிற மாதிரி இருக்கிறது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பாய் விரித்து நாங்கள் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், பாஸ்டர் ஐயா வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டதால் பாஸ்டரம்மாதான் நடத்துகிறார்கள். மேலே சிமெண்ட் சீட்டு கொதிக்கிறது. ஃபேன் சுற்றுகிறது என்று பெயர், காற்று எல்லாம் உப்பளத்துப் பக்கம் போய்விட்டது. எல்லாருக்கும் வெள்ளைச் சேலை, எல்லார் தலையிலும் முக்காடு, வெறும் காது, வெறும் கழுத்து, வெறும் கை. அவளும் முக்காடு போட்டிருக்கிறாள், ஆனால் மஞ்சள் சேலையில். மஞ்சள் சேலையும் மூக்குத்தியும் வேலைக்குப் போய்க் கறுத்த முகமுமாக இசக்கி, எங்கள் காம்பவுண்டில் மூன்றாவது வீட்டு இசக்கியம்மா, உப்பு வாரப் போகிறவள், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து அழுகிறாள். எவ்வளவு சுலபமாக அழுகிறாள். என் மடியில் என் பிள்ளை எமீமாள் தூங்குகிறாள், அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன், மூச்சில் லேசான கரகரப்பு, நேற்றைவிடக் குறைவு, இல்லை, நேற்று மாதிரியேதான். கண்ணைத் திற என்கிறது ஒன்று. திறக்காதே என்கிறது ஒன்று. திறந்தேன். மினுங்கியது.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எங்கள் சபையில் அபிஷேகம் வந்ததற்கு அடையாளம் அந்நிய பாஷை. பரிசுத்த ஆவியானவர் இறங்கினால் நாக்கு நம் பேச்சைக் கேட்காது, நமக்கே தெரியாத பாஷை வரும், அது பரலோகத்துப் பேச்சு. பாஸ்டரம்மாவுக்கு வரும். எனக்கு முதன்முதலில் ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்த தங்கப்புஷ்பம் அக்காவுக்கு வரும், ஷந்தராபா ஷந்தராபா என்று மழை பிடித்த மாதிரி வரும். எனக்கு வரவில்லை. கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்து, செண்பகம் என்கிற பெயரை விட்டு லீதியாள் என்று பெயர் வாங்கி, எமீமாளை வயிற்றில் சுமந்து, பெற்று, அவள் இப்போது தத்தித் தத்தி நடக்கவும் தொடங்கிவிட்டாள், ஒவ்வொரு வெள்ளியும் இதே பாயில் இதே இடத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், வரவில்லை. இசக்கி வரத் தொடங்கியே ஒரு மாதம் இருக்குமா. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மூக்குத்தி கழற்றவில்லை. பெயரில் இன்னும் இசக்கி என்கிற ஊர்ச்சாமி உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய வாய் எப்படிப்பட்ட வாய் என்று ஆண்டவருக்குத் தெரியாவிட்டாலும் எங்கள் காம்பவுண்டுக்குத் தெரியும். குழாயடியில் குடத்தை யாராவது முந்தி வைத்துவிட்டால் அவள் வாயைத் திறப்பாள், பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவோம். "ஏளா, உன் குடத்துக்கு மட்டும் கல்யாணமா நடக்கு, முதல்ல வந்து நிக்குது?" என்று தொடங்கினால் அடுத்து வருவதை நான் இந்த இடத்தில் நினைக்கவும் கூடாது. ஆண்டவரே, மன்னியும். நினைத்துவிட்டேன். அந்த வாயில். போன வெள்ளி அந்த வாய்தான் திடீரென்று திறந்து, உடம்பு குலுங்கி, கண்ணீரும் மூக்குநீரும் ஒன்றாக ஓட, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பாஷையைப் பேசியது. தாலாட்டு மாதிரி இருந்தது. கடலோரத்தில் யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அழகாக இருந்தது என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக இன்னும் வயிறு எரிகிறது. பாஸ்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னை ஒருமுறையும் கட்டிப்பிடித்ததில்லை. நான் வியர்வை நாற்றம் இல்லாமல், குளித்து, துவைத்த சேலை கட்டி வருகிறவள்.

எனக்கு ஒன்றும் சும்மா வரவில்லை இந்த வெள்ளைச் சேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வேதம் வாசிப்பேன், ஆனால் எது நல்லது எது கெட்டது என்று பாஸ்டர் ஐயா பிரித்துச் சொன்னபோது சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்குகிற மாதிரி ஒன்று விடாமல் பொறுக்கினேன். பொட்டு, பூ, வளையல், சினிமாப் பாட்டு, வாசலில் கோலம், டிவி. ஒன்றொன்றாக. கம்மலைக் கழற்றினபோது என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மூக்குத்தியைக் கழற்றினபோது மட்டும் லோடு ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சோற்றுக்கு வரவில்லை. அது அவர் போட்டது. கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில் கடை கடையாக ஏறி, "உன் மூக்குக்கு இந்தச் சிவப்புக் கல்லுதான்" என்று அவராகவே எடுத்தார். நான் வெட்கப்பட்டுக் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. கழற்றாமல் கிருபை வராது என்றார் பாஸ்டர் ஐயா. கழற்றினேன். இசக்கிக்கு என்ன சொன்னார் தெரியுமா? யாரோ கேட்டார்கள், ஐயா அந்தச் சிஸ்டர் மூக்குத்தி, என்று. "அது கர்த்தர் நேரத்தில் தானாகக் கழலும், நீங்கள் யாரும் வற்புறுத்த வேண்டாம்" என்றார். தானாகக் கழலுமாம். எனக்கு மட்டும் ஏன் தானாகக் கழலவில்லை? நான் அடுப்படியில் நின்று தேங்காய் எண்ணெய் தடவி, திருகாணி மாட்டிக்கொண்டு, இழுத்து, ரத்தம் வந்து கழற்றினேனே. போன வருஷம் கோவில் கொடை விழாவுக்கு இசக்கி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள், வாழை இலை போட்டு மூடி, நெய் வாசம் காம்பவுண்டு முழுக்க. வாசலிலேயே நிறுத்தி, "படைச்சது நாங்க சாப்பிட மாட்டோம், மைனி" என்றேன். எனக்குப் பொதுவாக அவ்வளவு பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. தலையைக்கூட நிமிர்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவள் கோபப்படவில்லை. "சரி போ, எனக்குத்தான் லாபம்" என்று அங்கேயே படியில் உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே வழித்துத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம், சோதனையில் ஜெயித்த சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நெய் வாசம். இன்றைக்கும்தான், பால் கொடுக்கிறவள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று பாஸ்டரம்மா போன வாரமே சொன்னார்கள், நான் தலையாட்டிவிட்டு உபவாசம் இருந்தேன், தலை சுற்றினாலும் இருப்பேன். இசக்கி வந்ததும் வராததுமாகச் சொல்கிறாள், "அம்மா, எனக்குப் பசி தாங்காது, பழையதைத் தின்னுட்டுத்தான் வாரேன், அவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க." எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரம்மாவும் சிரித்தார்கள். நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்களா.

குழந்தை புரண்டு படுக்கிறாள். மூச்சு கரகர என்கிறது. முக்காட்டைச் சரி செய்கிற மாதிரி மூக்கைத் தொடுகிறேன். இடது பக்கம், அந்தச் சின்ன இடம். மூடவில்லை. எப்படி மூடும்? இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, தங்கப்புஷ்பம் அக்காவுக்குத் தெரியாது. தலைக்குக் குளிக்கிற அன்றைக்கெல்லாம் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியைக் கிள்ளி, கழுவி, எண்ணெய் தொட்டு, அந்த ஓட்டையில் செருகி வைப்பேன். முடி காய்கிற வரைக்கும். பிறகு எடுத்து அடுப்பில் போட்டுவிடுவேன். தூர்ந்து போகக் கூடாது என்று. ஏன் கூடாது? தெரியாது. மறுபடி போடப் போவதில்லை. சத்தியமாகப் போடப் போவதில்லை. சிவப்புக் கல்லை அவரே எங்கேயோ வைத்துவிட்டார், எங்கே என்று நான் கேட்டதில்லை. ஆனாலும் குச்சியைச் செருகுகிறேன். போன மாதக் கூட்டத்தில் பாஸ்டரம்மா பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார்கள், "இவ்வளவு நாளாகியும் ஒருத்தருக்கு அபிஷேகம் வரலேன்னா உள்ள ஏதோ தடை இருக்கு. வெளியே வெள்ளையா இருக்கும், உள்ளே எதையோ பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க." பொதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் வராதவள் நான் ஒருத்திதானே மிச்சம். எல்லார் முக்காடும் என் பக்கம் திரும்பாமல் திரும்பியது. தங்கப்புஷ்பம் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்து, "லீதியா, எதாவது பாவம் இருந்தா அறிக்கை பண்ணிரு. பிள்ளைக்காரி நீ" என்றாள். பிள்ளைக்காரி நீ. அதற்கு என்ன அர்த்தம்? அதற்கு ஒரு அர்த்தம்தான். முதல் பிள்ளை எனக்கு ஏழு மாதத்தில் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் காட்டினார்கள், மூக்கு என் வீட்டுக்காரர் மூக்கு. அதற்குப் பிறகுதான் தங்கப்புஷ்பம் அக்கா என்னை இங்கே கூட்டிவந்தாள், இங்கே வந்த பிறகுதான் எமீமாள். ஆண்டவர் கொடுத்தார் என்று நான் சாட்சி சொல்கிறேன், சாட்சி என்றால் எழுந்து நின்று, "கர்த்தர் எனக்குப் பிள்ளை தந்தார், ஸ்தோத்திரம்" என்று யாருக்கும் கேட்காமல் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா. ஒரு ஈர்க்குச்சியைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கரகரப்பு சளியா, இல்லை, அவர் கையை நீட்டுகிற சத்தமா? இன்றைக்கு வந்துவிட்டால் பயம் இல்லை. பாஷை வந்துவிட்டால் தடை இல்லை, தடை இல்லை என்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் எனக்குள் கணக்கு. அதனால் இன்றைக்கு வர வேண்டும். குச்சியாக இருந்தால் இனிமேல் செருகவில்லை ஆண்டவரே. ஆனால் மூக்கில் கல்லே வைத்திருக்கிறவளுக்குத் தடை இல்லை, ஈர்க்குச்சிக்கு மட்டும் தடையா? இது என்ன நியாயம்? இப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பலவேசம் இதெல்லாம் நம்புகிறவர் இல்லை, தடுக்கிறவரும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "என்ன செண்பகம், வந்துட்டாரா உங்க ஆளு? இன்னும் பஸ் கிடைக்கலையா அவருக்கு?" என்பார். போன வாரம் நான் பாத்திரத்தைத் தடால் என்று போட்டேன். "இசக்கி மைனிக்கு வந்துருச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "யாருக்கு, நம்ம இசக்கிக்கா? அடேயப்பா. அப்ப அங்கேயாவது உப்பளத்து ஆளுகளுக்கு மதிப்பு இருக்கு போல." அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மறுநாள் அவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு போனதும் மிக்ஸியில் தேங்காய் போட்டு ஓடவிட்டேன், அந்தச் சத்தத்துக்குள் நின்று பேசிப் பார்த்தேன். ஷிரபாலா. ஷிரபாலா கெந்தரி மானியா. யாருடையது மாதிரியும் இருக்கக் கூடாது, தங்கப்புஷ்பம் அக்காவுடையது மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், பாஸ்டரம்மாவுடையது மாதிரி இருந்தால் கேலியாகிவிடும். சட்னி கூழாகிப் போனது. தினமும் கொஞ்சம் பேசினேன். திக்காமல் வருகிறது இப்போது. குழந்தை தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்து, அவளும் ஏதோ சொன்னாள், தாபலா பாபலா என்று, கையை ஆட்டி ஆட்டி, அவளுக்கு அர்த்தமாகிற ஏதோ ஒன்று. அவள் பேசுவதை மட்டும் யாரும் உனக்கு வந்ததா வரவில்லையா என்று கேட்பதில்லை. பிள்ளைமேல்கூட எனக்கு ஒரு நொடி வந்தது, அந்த வயிற்றெரிச்சல். சை. என்ன பெண் நான். ஆனால் பொய் இல்லை, ஆண்டவரே, பொய் என்று எடுத்துக்கொள்ளாதேயும், தண்ணீர் வராத பம்பில் முதலில் ஒரு சொம்பு ஊற்றித்தானே அடிப்போம். நான் ஊற்றுகிறேன், நீர் வாரும்.

இதில் எது எனக்கு ரொம்ப வலிக்கிறது என்றால், அவளைக் கூட்டிவந்ததே நான்தான். வேறு யாரும் இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, ஒருநாள் குழாயடியில் குடத்தைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். திட்டவில்லை அன்றைக்கு, அதுதான் பயமாக இருந்தது. நான் குடத்தைக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்தேன். வைத்துவிட்டு, நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி, "மைனி, எங்க ஜெபத்துக்கு வாங்க, கர்த்தர் சுகம் தருவார்" என்றேன். "ஏளா செம்பகம், உங்க சாமி காலையெல்லாமா பாக்கும்?" என்றாள். "பாக்கும்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை. ஒரு ஆத்துமாவை ஆதாயம் பண்ணிவிட்டேன், அதுவும் அந்த வாயை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், முதல் தடவையாக என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, அந்த ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரமே அவள் சாட்சி சொல்ல எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக எழுந்தாள். "நான் மொதல்ல டீக்குத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஜெபம் முடிஞ்சா டீயும் பன்னும் தருவாங்கன்னு செம்பகம் சொல்லிச்சு. டீ நல்லா இருந்துச்சு. பொறவு பாட்டு நல்லா இருந்துச்சு. பொறவு வீட்டுல போயி ஒத்தையில படுத்தப்ப, யாரோ கால்மாட்டுல இருக்காப்ல இருந்துச்சு. பேய்னு நெனச்சு நல்லா நாலு கேள்வி கேட்டேன். அது போவல. காலைத் தடவிக் குடுத்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, இது பேய் இல்ல, நம்ம ஐயா." சபையே சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. கால் ஆறிவிட்டதா என்றால் முழுக்க ஆறவில்லை, இப்போதும் வெடிப்பில் மஞ்சள் பூசித்தான் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. யாரோ கால்மாட்டில் இருந்தார்களாம். என் கால்மாட்டில் யார் இருந்தார்கள்? நான் ராத்திரி விழித்து விழித்துப் பார்க்கிறேன், பாயும் சுவரும்தான். நல்லது எல்லாம் செய்தவள் வாசலில் நிற்கிறேன், ஒன்றும் செய்யாதவள் உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் நான் கழற்றினது, பொறுக்கினது, பட்டினி கிடந்தது எல்லாம் எதற்கு? எதற்கு என்று கேட்டால் தலை கிறுகிறு என்கிறது. நல்லவள் என்பதற்கு ஒன்றும் கிடையாது என்றால், நான் யார்?

"லீதியாள் சிஸ்டர்." பாஸ்டரம்மா. கண்ணைத் திறக்கிறேன். எல்லாரும் என்னைச் சுற்றி நகர்ந்து வந்திருக்கிறார்கள், எப்போது வந்தார்கள்? "இன்னைக்கு உங்களுக்காகத்தான் ஆவியானவர் என்னை ஏவுறார். முழங்கால் போடுங்க." முழங்கால் போடுகிறேன், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவள் விழித்துவிட்டாள், அழவில்லை. "புதுசா அபிஷேகம் பெற்றவங்க கை வைக்கட்டும். இசக்கியம்மா சிஸ்டர், வாங்க." வேண்டாம். யார் வேண்டுமானாலும் வைக்கட்டும், தங்கப்புஷ்பம் அக்கா வைக்கட்டும், அவள் வேண்டாம். சொல்ல வாய் வரவில்லை, எனக்கு எப்போது வந்தது. அந்தக் கை தலைமேல் வந்துவிட்டது. சொரசொரப்பு. முக்காட்டுக்கு மேலேயே தெரிகிறது, உப்பு தின்ற உள்ளங்கை. பாஸ்டரம்மா என் முகவாயில் விரலை வைத்து, "வாயைத் திறந்து குடுங்க சிஸ்டர், அவர் நிரப்புவார்" என்கிறார்கள். சுற்றிலும் பாஷைகள். ஷந்தராபா ஷந்தராபா. கஞ்சிரா அடிக்கிறது. சிமெண்ட் சீட்டு அதிர்கிறது. திறந்தேன். நாக்கு நுனியில் என் ஷிரபாலா தயாராக வந்து நிற்கிறது, ஒரு மூச்சு விட்டால் போதும், கொட்டிவிடும், எல்லாரும் அல்லேலூயா என்று கத்துவார்கள், பாஸ்டரம்மா கட்டிப்பிடிப்பார்கள், தடை போய்விட்டது என்பார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. ஒரு மூச்சு. அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் இசக்கியின் குரல் கேட்டது. அவள் பாஷை பேசவில்லை. வெறும் தமிழில், குழாயடித் தமிழில், யாருக்கும் கேட்காத மாதிரி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எய்யா, இந்தப் பிள்ளைக்குக் குடும். இவதான என்னைய இங்க கூட்டிட்டு வந்தா. எம்புட்டு நாளா கேக்கா. எங்கிட்ட இருக்கதை எடுத்துக் குடுக்கணும்னாலும் குடுத்துரும். நான் பேசுன பேச்சுக்கு எனக்கு எதுக்குய்யா அது. டீ போதும் எனக்கு."

இதையும் அவள்தான் சொல்ல வேண்டுமா? நெஞ்சில் தீ பிடித்தது. பாஷையை எடுத்துக்கொண்டாள், சாட்சியை எடுத்துக்கொண்டாள், இப்போது இதையும். எனக்கு வந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? யாருக்காவது கொடு என்று கேட்டிருப்பேனா? என் பிள்ளையைத் தவிர யாருக்கும் கேட்டிருக்க மாட்டேன், இவளுக்கு நிச்சயமாகக் கேட்டிருக்க மாட்டேன். இவளிடமிருந்து எடும் என்று அல்லவா ஒரு வாரமாக உள்ளே கிடந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஸ்தோத்திரத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவில், எனக்கே தெரியாத மாதிரி. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை எனக்கு. அதுதான் என் பாஷை போல. தடை ஈர்க்குச்சி இல்லை. ஈர்க்குச்சி ஒன்றுமே இல்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, ஷிரபாலா நாக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தக் கை என் தலையைத் தடவிக் கொடுக்கிறது, கால்மாட்டில் யாரோ தடவிக் கொடுத்ததாகச் சொன்னாளே, அந்த மாதிரி, அதே மாதிரிதான் இருக்குமா? "வருது, வருது! உதடு அசையுது பாருங்க! பேசுங்க சிஸ்டர், பேசுங்க!" பாஸ்டரம்மா கை தட்டுகிறார்கள். எல்லாரும் தட்டுகிறார்கள்.

"வரலை" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சீட்டில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். கஞ்சிரா நின்றது. "எனக்கு வரலைம்மா. வந்த மாதிரி பேசத் தெரியும். வீட்டுல பேசிப் பாத்து வச்சிருக்கேன். ஆனா வரலை." பாஸ்டரம்மாவின் கை தட்டினபடியே காற்றில் நிற்கிறது. தங்கப்புஷ்பம் அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்கிறாள். பிள்ளைக்காரி நீ. எமீமாளை இறுக்கிக்கொள்கிறேன், இப்போது ஏதாவது நடக்கும், கூரை இடிந்து விழும், இவள் மூச்சு நின்றுவிடும். கரகர, கரகர. மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கிறது. "விசுவாசத்தோட காத்திருக்கணும் சிஸ்டர்," என்று பாஸ்டரம்மா மெதுவாகத் தொடங்குகிறார்கள், அதற்குள் தலைமேல் இருந்த கை இறங்கி என் முகத்தைத் திருப்புகிறது. இசக்கி. ஜெபவீடு என்று பார்க்கவில்லை, குழாயடிச் சிரிப்பு. "ஏளா செம்பகம்! உனக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா?" மூக்கு என் மூக்குக்கு முன்னால். வெள்ளைக் கல். ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு, கல்லுக்குள் ஒரு கீறல், பக்கத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டும் என்று இருக்கிறது, இப்போதும், இந்த நிமிஷமும். எமீமாள் கையை நீட்டி அதை எட்டிப் பிடித்துவிட்டாள், இரண்டு விரலால், கெட்டியாக. "ஆத்தாடி, விடு தாயி, விடு," என்று இசக்கி சிரித்துக்கொண்டே கண்ணைச் சுருக்குகிறாள், முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்தால் பிள்ளை கை நோகும் என்று அப்படியே குனிந்து நிற்கிறாள். எடுத்துவிட வேண்டும். ஒரு இழுப்பு இழுக்கட்டுமே என்று நான் ஒரு நொடி இருந்தேன். இருந்தேன், உள்ளதுதான். பிறகு குழந்தையின் விரலை ஒவ்வொன்றாக, திருகாணி மாட்டிக்கொள்ளாமல், பதமாகப் பிரித்து எடுத்துவிட்டேன்.